எல்.கே.ஜி. டீச்சர் ஆக என்ன படிக்கணும்? டிகிரியும் பி.எட்.டும் ஏன் போதாது? கோலார் தங்க வயலில் இருந்து ஒரு விளக்கம்

நீங்கள் கோலார் தங்க வயலைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ வீடு. பி.காம். முடிச்சாச்சு. அல்லது பி.ஏ.வுக்கு மேல் பி.எட்.டும் முடிச்சாச்சு. காலையில் மாரிக்குப்பத்தில் கிளம்புகிற ரயிலைப் பிடித்து பெங்களூரு போய், ராத்திரி வீடு திரும்புகிற ஓட்டம் வேண்டாம் என்று தோன்றுகிறது. பக்கத்திலேயே ஒரு நர்சரி பள்ளியில் சேரலாம் என்று பார்க்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வருகிறது: ஆறே மாதத்தில் நர்சரி டீச்சர் டிரெயினிங், அரசு அங்கீகாரம், வேலை உறுதி.

பணம் கட்டலாமா?

சுருக்கமான பதில்: இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் வரை கட்டாதீர்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்த இந்தியாவில் தேசிய அளவில் ஒரு குறைந்தபட்சத் தகுதி இருக்கிறது. அது ஆறு மாதப் படிப்பு கிடையாது. உங்கள் டிகிரியோ சாதாரண பி.எட்.டோ அதற்கு ஈடாகாது. ஆனால் அந்தத் தகுதி இல்லாமலேயே ஆயிரக்கணக்கானோர் நர்சரி வகுப்புகளில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பலருடைய பணமும் வருஷங்களும் போகின்றன.

ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

கே.ஜி.எஃப்.புக்கு இது ஏன் முக்கியம்?

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே தங்கம் தோண்ட ஆரம்பித்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அதன் பிறகு ஊரின் பெரிய வேலைவாய்ப்பு என்றால் 1964-ல் தொடங்கப்பட்ட பெமல் தொழிற்சாலையும், பெங்களூருவுக்குப் போகிற ரயிலும்தான்.

பெண்களின் கதை இன்னும் கொஞ்சம் வேறு. 1952-ம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 46-வது பிரிவு, நிலத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்வதைத் தடை செய்தது. தங்கம் விளைந்த காலத்திலும் சுரங்கத்தின் முக்கியமான வேலைகள் பெண்களுக்குக் கிடையாது. படித்த பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்றால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான் முதலில் நினைவுக்கு வரும். இன்றைக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் 200 கிலோமீட்டர் ரயிலில் போய்வர முடியாத ஒரு தாய்க்கு, தெருமுனை நர்சரி ஒரு பெரிய வாய்ப்பாகத் தெரிவது இயல்புதான்.

அந்த வாய்ப்பு ஒரு தொழிலாக வளருமா, குறைந்த சம்பளத்திலேயே நின்றுவிடுமா என்பதை முடிவு செய்வதில் நீங்கள் எடுக்கும் பயிற்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறதா?

டாக்டருக்கும் வக்கீலுக்கும் நர்ஸுக்கும் பதிவு எண் இருக்கிறது. பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. இந்தியாவில் ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு தனிநபர் லைசென்ஸ் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, படிக்கும் கல்லூரிக்கு அங்கீகாரம். 1993-ம் ஆண்டு சட்டத்தின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய சான்றிதழ், மத்திய, மாநில அரசு வேலைக்கும், அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கும் செல்லாது.

இரண்டாவது, வேலைக்கு எடுக்கும்போது பார்க்க வேண்டிய குறைந்தபட்சத் தகுதி. 2014 நவம்பர் 12-ம் தேதியிட்ட என்.சி.டி.இ. விதிமுறைகளின்படி, முன்பருவ அல்லது நர்சரி ஆசிரியருக்குத் தேவையானவை இவை:

• பிளஸ் டூவில் குறைந்தது 50 சதவீத மதிப்பெண். கூடவே, குறைந்தது இரண்டு ஆண்டு கால முன்பருவக் கல்வி டிப்ளமோ.

• அல்லது, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முடித்த பி.எட். நர்சரி. சாதாரண பி.எட். இந்தக் கணக்கில் வராது.

லைசென்ஸ் என்று பேச்சு வழக்கில் சொன்னால், இந்தியாவில் அதற்கு மிக அருகில் வருவது இதுதான்.

இந்தத் துறையிலேயே உண்மையான லைசென்ஸ் இருக்கும் ஒரு மூலையும் இருக்கிறது: சிறப்புக் கல்வி. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பு ஆசிரியர்கள், 1992-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் எண் வாங்க வேண்டும். பதிவு இல்லாமல் அந்த வேலையைச் செய்தால் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள மூன்று வயதுக் குழந்தையுடன் வேலை செய்பவருக்குப் பதிவு கட்டாயம். பக்கத்து அறையில் 30 குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அப்படி எதுவும் தேவையில்லை. நம் சட்டங்கள் இப்போதைக்கு அப்படித்தான் இருக்கின்றன.

எந்தப் படிப்பு எதற்குச் செல்லும்?

1. டி.பி.எஸ்.இ. எனப்படும் முன்பருவக் கல்வி டிப்ளமோ. இரண்டு ஆண்டு. பிளஸ் டூ போதும், பட்டதாரிகளும் சேரலாம். குழந்தை வளர்ச்சி, சத்துணவு, மொழி, எண்ணறிவு, விளையாட்டு வழிக் கற்றல் ஆகியவற்றோடு, பள்ளியில் நேரடிப் பயிற்சியும் உண்டு. 2014 விதிமுறைகளில் இதற்குத் தொலைநிலை வடிவம் கிடையாது. ஆகவே 'வீட்டிலிருந்தே டி.பி.எஸ்.இ.' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். கர்நாடகாவில் டி.எல்.எட். போலவே இதுவும் பள்ளிக்கல்வித் துறையின் கட்டுப்பாட்டில் வருகிறது.

2. பி.எட். நர்சரி. டிகிரி முடித்தவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் படிப்பு இது. ஆனால் நாடு முழுக்க மிகச் சில இடங்களில்தான் கிடைக்கிறது. டெல்லியின் ஜாமியா மில்லியா இஸ்லாமியா அதில் நன்கு தெரிந்த ஒன்று. கே.ஜி.எஃப்.பில் இருந்து கிளம்பி இரண்டு வருஷம் டெல்லியில் தங்கிப் படிப்பது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

3. ஐ.டி.இ.பி. எனப்படும் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட். 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2023-24 கல்வியாண்டில் 57 நிறுவனங்களில் சோதனை முறையில் தொடங்கியது. மூன்று முதல் எட்டு வயது வரையிலான அடிப்படை நிலையை இதில் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். சேர்க்கைக்கு தேசியத் தேர்வு முகமை நடத்தும் நுழைவுத் தேர்வு உண்டு. தமிழ், கன்னடம் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். பிளஸ் டூ முடித்த தம்பி, தங்கைகளுக்கு இது நல்ல வழி. ஏற்கெனவே டிகிரி முடித்தவர் திரும்ப நான்கு வருஷம் படிக்க வேண்டியிருக்கும்.

4. இக்னோவின் குழந்தைப் பருவப் பராமரிப்பு மற்றும் கல்வி டிப்ளமோ. குறைந்தபட்சக் காலம் ஓராண்டு. பாடங்கள் பயனுள்ளவை, காப்பகம், தொண்டு நிறுவன வேலைகளுக்கு உதவும். ஆனால் என்.சி.டி.இ. கேட்கும் 'குறைந்தது இரண்டு ஆண்டு' என்ற நிபந்தனையை இது பூர்த்தி செய்யாது.

5. மாண்டிசோரி டிப்ளமோ. மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை வந்து, அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த மரபு இன்றும் பெங்களூருவில் வலுவாக இருக்கிறது. நல்ல பயிற்சி மையத்தில் படித்தால் தனியார் மாண்டிசோரி பள்ளிகளில் மதிப்பு உண்டு. ஆனால் மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். இது என்.சி.டி.இ. தகுதி ஆகாது.

6. எம்.ஏ. மற்றும் முதுநிலை டிப்ளமோ. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் குழந்தைப் பருவக் கல்வியில் எம்.ஏ. நடத்துகிறது. பெங்களூருவின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் முதுநிலைப் படிப்புகளை வழங்கிவந்திருக்கிறது. பாடத்திட்டம் எழுதுவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, ஆய்வு, தொண்டு நிறுவனப் பொறுப்புகள் ஆகியவற்றுக்கு இவை கதவு திறக்கும். வகுப்பறை ஆசிரியருக்கான சட்டத் தகுதியை மட்டும் எம்.ஏ. தராது.

7. ஆறு மாத, ஓராண்டு நர்சரி டீச்சர் டிரெயினிங். எத்தனையோ தனியார் நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. தனியார் நர்சரிகள் இதை ஏற்றுக்கொள்ளலாம். 2014 விதிமுறைகளின் தகுதிக்கு இது போதாது.

பி.எட். முடித்தவர்களுக்கு ஏன் இடமில்லை?

நம் ஊரில் பலருக்கும் புரியாத விஷயம் இது. பத்தாம் வகுப்புக்கே பாடம் நடத்தலாம், எல்.கே.ஜி.க்கு முடியாதா என்று கேட்பார்கள்.

2018 ஜூன் 28-ம் தேதி என்.சி.டி.இ. ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பி.எட். முடித்தவர்களும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியர் ஆகலாம். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆறு மாதப் பயிற்சி எடுத்தால் போதும் என்றது. ராஜஸ்தானில் இது வழக்கானது. 2021-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. 2023 ஆகஸ்ட் 11-ம் தேதி நீதிபதிகள் அனிருத்தா போஸ், சுதான்ஷு துலியா அமர்வு அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பி.எட். என்பது மேல் வகுப்புகளுக்கான பயிற்சி, சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்க அதற்கென்றே வடிவமைத்த பயிற்சி வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அந்த வழக்கு தொடக்கப் பள்ளி பற்றியது. நர்சரி பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கே தனிப் பயிற்சி வேண்டும் என்றால், மூன்று வயதுக் குழந்தைக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும், இல்லையா?

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'ஆறு மாதம்' என்ற சொல் அரசு ஆவணங்களில் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, மேலே சொன்ன தீர்ப்புக்கு முன்பே தொடக்கப் பள்ளிகளில் நியமனமான பி.எட். ஆசிரியர்களுக்கான இணைப்புப் பயிற்சி. இன்னொன்று, 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் சான்றிதழ்ப் படிப்பு. அது ஏற்கெனவே பணியில் இருக்கும், பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கானது. இரண்டுமே வெளியில் இருந்து புதிதாக வருபவருக்கானவை இல்லை. விளம்பரத்தில் 'கல்விக் கொள்கைப்படி ஆறு மாதம்' என்று பார்த்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் தனியார் நர்சரிகள் எப்படி யாரையும் எடுக்கின்றன?

2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரைதான் உரிமை தருகிறது. மூன்று முதல் ஆறு வயது பற்றி 11-வது பிரிவு பேசுகிறது. ஆனால் அரசு தேவையான ஏற்பாடுகளைச் செய்யலாம் என்கிறதே தவிர, செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைதான். எல்லா நிலைகளுக்கும் அதை விரிவாக்க வேண்டும் என்று 2020 கல்விக் கொள்கை சொல்லியிருக்கிறது.

2013-ல் தேசியக் குழந்தைப் பருவப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை வந்தது. 20 குழந்தைகளுக்கு ஒரு ஆசிரியர் என்ற அளவை அது வைத்தது. பிறகு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தனியார் பிளே ஸ்கூல்களுக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. 20 குழந்தைகளுக்கு ஒரு ஆசிரியரும் ஒரு ஆயாவும் வேண்டும் என்று அதிலும் இருக்கிறது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு. பள்ளி தொடங்க வாடகைக்கு ஒரு வீடும் சுவரில் ஒரு மிக்கி மவுஸ் படமும் போதும் என்ற நிலை பல ஊர்களில் இருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

இதன் விலையைக் கொடுப்பவர் ஆசிரியர். தகுதி கட்டாயம் இல்லாத இடத்தில் சம்பளத்தைப் பேரம் பேசும் பலமும் அவருக்கு இருக்காது. 'நீ இல்லைன்னா இன்னொருத்தி' என்று நிர்வாகம் சொன்னால் எதிர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அங்கன்வாடி வழி எப்படி?

அங்கன் என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தின் போர்டியில் தாராபாய் மோடக்கும் அவருடைய மாணவி அனுதாய் வாக்கும் குழந்தைகளைத் தேடி முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோன முயற்சியில் பிறந்த பெயர் அது. 1975 அக்டோபர் 2-ம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஐ.சி.டி.எஸ். திட்டம் தொடங்கியபோது, கர்நாடகாவில் மைசூரு மாவட்டத்தின் டி.நரசிபுரா தேர்வானது. இன்று நாட்டில் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன.

2022-ம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதலின்படி, அங்கன்வாடிப் பணியாளருக்கு பிளஸ் டூ குறைந்தபட்சத் தகுதி. வயது 18 முதல் 35. உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். கோலார் தங்க வயலில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கணும்: அறிவிக்கையில் கன்னடம் பற்றிய நிபந்தனை. தமிழையோ ஆங்கிலத்தையோ முதல் மொழியாக எடுத்துப் படித்தவர்கள், தங்கள் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியலில் கன்னடம் எந்த மொழியாக இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இந்த வேலையில் சம்பளம் என்ற சொல்லே கிடையாது, மதிப்பூதியம்தான். மத்திய அரசின் கணக்கில் அது 2018 முதல் மாதம் 4,500 ரூபாய். அதற்கு மேல் மாநில அரசு சேர்த்துத் தருகிறது. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பணியிடம் வகிப்பவர்கள் ஆக மாட்டார்கள் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு, கர்நாடகாவில் இருந்து போனதுதான். 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கொன்றில் அதே நீதிமன்றம், அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே 16 வருஷம்.

பயிற்சி விஷயத்திலும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2023 மே மாதம் மத்திய அரசு 'போஷன் பி, படாய் பி' திட்டத்தைத் தொடங்கியது. சத்துணவோடு தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பருவக் கல்வி என்பது அதன் இலக்கு. அதற்கான நேரடிப் பயிற்சி மூன்று நாள். இரண்டு வருஷ டிப்ளமோவையும் மூன்று நாள் பயிற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே ஒரே வயதுக் குழந்தைகளுக்காகத்தான்.

2024-ல் கர்நாடக அரசு, அரசுப் பள்ளிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்க முயன்றபோது அங்கன்வாடிப் பணியாளர்கள் போராடினார்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போய்விட்டால் தங்கள் மையங்கள் காலியாகிவிடும் என்பது அவர்களுடைய பயம். அந்த ஆண்டு ஜூலையில் பெங்களூருவில் சில அங்கன்வாடிகள் 'அரசு மாண்டிசோரி' என்ற பெயரில் தரம் உயர்த்தப்பட்டன.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது, அங்கே இடைநிலை ஆசிரியர்களை அனுப்பலாமா, முன்பருவப் பயிற்சி பெற்றவர்களை எடுக்க வேண்டாமா என்ற சர்ச்சை கிளம்பியது.

பயிற்சியால் நிஜமாகவே வித்தியாசம் வருமா?

'சின்னப் பசங்களைப் பாத்துக்கறதுக்கு எதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு? வீட்ல வளர்க்கறதில்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு.

ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் நடந்துவிடுகிறது என்று தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-ல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 123 ஏழைக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் முன்பள்ளி கொடுத்து, அவர்கள் 40 வயது ஆகும் வரை பின்தொடர்ந்தார்கள். முன்பள்ளிக்குப் போனவர்கள் பள்ளிப் படிப்பை முடித்த விகிதமும் சம்பாத்தியமும் அதிகம்; கைதான எண்ணிக்கை குறைவு. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது, அங்கே பாடம் நடத்தியவர்கள் டிகிரியும் ஆசிரியர் சான்றிதழும் பெற்றவர்கள். குழந்தைகளின் வீடுகளுக்கும் வாராவாரம் போனார்கள். வெறும் கட்டடமும் பொம்மைகளும் மட்டும் இருந்தால் அதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

கோலார் தங்க வயலின் ஒரு நர்சரி வகுப்பை நினைத்துப் பாருங்கள். குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. பக்கத்து வீட்டில் தெலுங்கு அல்லது உருது. கடைத்தெருவில் கன்னடம். வகுப்பில் டீச்சர் ஆங்கிலத்தில் 'சிட் டவுன்' என்கிறார். நான்கு மொழிக்கு நடுவே மூன்று வயதுக் குழந்தை பேசாமல் உட்கார்ந்திருந்தால், 'மந்தமான பிள்ளை' என்று பெயர் வைத்துவிடுவது எளிது. பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு அந்த மௌனத்தைப் படிக்கத் தெரியும். புது மொழி கேட்கும் குழந்தை சில காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். முதலில் வீட்டு மொழியில் கதை சொல்லி, அதே கதையை அடுத்த மொழிக்கு மெல்லக் கொண்டுபோவார். மூன்றரை வயதில் பென்சிலைத் திணித்து நான்கு கோடு நோட்டில் எழுதச் சொல்ல மாட்டார். காது கேளாமையா, வெறும் கூச்சமா என்று சந்தேகம் வந்தால் பெற்றோரிடம் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்வார்.

2022 அக்டோபர் 20-ல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பும், இந்த வயதில் வீட்டு மொழியில் தொடங்கணும் என்றுதான் சொல்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசத் தெரிந்த கே.ஜி.எஃப். பட்டதாரி, இந்த வேலைக்கு ஏற்கெனவே பாதித் தகுதியோடு இருக்கிறார். மீதிப் பாதி, அந்த மூன்று மொழியையும் வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்ற பயிற்சி.

செலவுக்கு ஏற்ற பலன் வருமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இப்போது ஒரு நர்சரியில் மாதம் 8,000 ரூபாய் கிடைக்கிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டி.பி.எஸ்.இ. படிக்க இரண்டு வருஷம் வேலையை விட்டால், விடும் வருமானம் மட்டும் 1,92,000 ரூபாய். கல்விக் கட்டணம் தனி. படித்து முடித்ததும் அதே தெருமுனை நர்சரி 1,000 ரூபாய் மட்டும் கூட்டிக் கொடுத்தால், விட்ட வருமானத்தை எடுக்கவே 16 வருஷம் ஆகும்.

ஆகவே தெருமுனை நர்சரியிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், பணக் கணக்கில் இந்தப் படிப்பு லாபம் தராது. தகுதியைக் கேட்கும் இடங்களுக்குப் போகத் தயாராக இருந்தால்தான் பலன். அவை எவை?

• கேந்திரிய வித்யாலயாக்களின் பால்வாடிகா வகுப்புகள். 2022-23-ல் 49 பள்ளிகளில் தொடங்கியவை. இரண்டு ஆண்டு டிப்ளமோ அல்லது பி.எட். நர்சரிதான் கேட்கப்படும் தகுதி.

• மாநில அரசுகள் முன்பருவ ஆசிரியர்களை நேரடியாக எடுக்கும்போது. அரசுப் பள்ளிகளில் எல்.கே.ஜி. விரிவடைந்தால் இந்தத் தேவையும் கூடும்.

• பெரிய தனியார் பள்ளிகளும், நிறுவனக் காப்பகங்களும். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது 2017 மகப்பேறு பலன் திருத்தச் சட்டம். பெங்களூரு ஐ.டி. வளாகங்களைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம் உதவித்தொகை. தங்க வயலின் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பகுதி பட்டியல் சாதியினர். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான். அங்கீகாரம் இல்லாத ஆறு மாதப் பயிற்சிக்கு முழுப் பணமும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் டிகிரி முடித்தவர்கள் ஓராண்டு முதுநிலைப் பயிற்சி மூலம் 'ஆரம்ப ஆண்டுகள் ஆசிரியர்' என்ற தகுதிநிலையைப் பெறலாம். 2013 முதல் இருக்கிறது. பள்ளி ஆசிரியருக்கான தகுதிநிலைக்கு அது சமமில்லை என்பதால் சம்பளத்திலும் வித்தியாசம் என்ற குறை அங்கேயும் பேசப்படுகிறது. நியூசிலாந்தில் பட்டதாரிகளுக்கு ஓராண்டு டிப்ளமோ. அதன் பிறகு ஆசிரியர் குழுமத்தில் பதிவும் பணிச் சான்றிதழும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015 முதல் முன்பருவ ஆசிரியர்களையும் பதிவு செய்யச் சொல்கிறது. சிங்கப்பூரில் முன்பள்ளிகளையும் காப்பகங்களையும் 2013-ல் உருவான ஓர் அரசு முகமை கண்காணிக்கிறது. அங்கே தமிழ் தாய்மொழி ஆசிரியர்களுக்கும் முன்பள்ளிகளில் இடம் உண்டு.

இந்த நாடுகளில் அரசு ஆசிரியரைத் தனிநபராக அடையாளம் காண்கிறது. நம் ஊரில் கல்லூரியை அடையாளம் காண்கிறது. ஆசிரியரை வேலைக்கு எடுப்பவர் கையில் விட்டுவிடுகிறது.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்த நிறுவனத்துக்கு என்.சி.டி.இ. தென்மண்டலக் குழுவின் அங்கீகார ஆணை இருக்கிறதா? ஆணையின் நகலைக் கேளுங்கள். என்.சி.டி.இ. இணையதளப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 'அரசுப் பதிவு பெற்றது' என்றால் டிரஸ்ட்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்தது என்று மட்டும்கூட அர்த்தம் இருக்கலாம்.

2. அங்கீகாரம் எந்தப் படிப்புக்கு? பி.எட்.டுக்கு அங்கீகாரம் வாங்கிய கல்லூரி நர்சரி பயிற்சியும் நடத்தினால், அந்த அங்கீகாரம் நர்சரி படிப்புக்குத் தானாக வராது.

3. காலம் இரண்டு ஆண்டா? குறைவு என்றால் 2014 தகுதிக்குச் செல்லாது.

4. தேர்வு நடத்திச் சான்றிதழ் தருவது யார்? மாநில வாரியமா, பல்கலைக்கழகமா, அல்லது அந்த நிறுவனமே தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறதா?

5. உண்மையான குழந்தைகளோடு எத்தனை வாரம் பயிற்சி? எந்தப் பள்ளியில்? பதில் தெளிவாக வராவிட்டால், அங்கே நீங்கள் கற்றுக்கொள்ளப் போவது சார்ட் ஒட்டுவதை மட்டும்தான்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

வயது 25-க்குள், இரண்டு வருஷம் ஒதுக்க முடியும் என்றால், அங்கீகாரம் பெற்ற டி.பி.எஸ்.இ.தான் நேர்வழி. பி.எட். முடித்தவர் என்றால், ஆறாம் வகுப்பு முதல் உங்களுக்குத் திறந்திருக்கும் கதவை மூடிவிட்டு நர்சரிக்கு வரத்தான் வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். குடும்பச் சூழலால் படிக்கவே முடியாது, உள்ளூரில்தான் வேலை என்றால், அங்கன்வாடி அறிவிக்கைகளைக் கவனியுங்கள். ஏற்கெனவே நர்சரியில் வேலை செய்பவர் என்றால், குறுகிய காலப் படிப்பு உங்கள் வகுப்பை மேம்படுத்தலாம். அதைத் திறமைக்காக எடுங்கள், தகுதிக்காக எடுக்காதீர்கள்.

தங்க வயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளர்களுக்குத் தங்கள் பாட்டன், பூட்டன் காலத்திலிருந்தே ஒன்று தெரியும்: பாறைக்குள் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதைப் பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் தோண்டுவார்கள். வாட்ஸ்அப்பில் அடுத்த விளம்பரம் வரும்போது, அந்த நிறுவனத்தின் பெயரை என்.சி.டி.இ. பட்டியலில் தேட ஐந்து நிமிடம் போதும். பெயர் இல்லையென்றால், கட்டணத்தை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.